சிவப்பு நூல் தைத்த கம்பளி

சென்ற வாரம் திருக்கார்த்திகை அன்று பொழுது இறங்கும் நேரத்தில் மயிலம்மாளைப் பூட்டிய வீட்டுக்குள் அகல்விளக்கும் கையுமாக நிறுத்திவிட்டு நாம் வந்துவிட்டோம். அவள் விளக்கை வைத்துக் கும்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தால் இந்த வாரம் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது. அவள் நெஞ்சும் இந்தப் பாடு பட்டிருக்காது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். திருச்செங்கோட்டுக்குத் தெற்கே ஆலாங்காட்டுவலசில் பிளேக் நோயால் எலி செத்து விழுந்து பதினெட்டு நாளாகிறது. முதலில் வடக்கு வளவு வீடுகளில் இரண்டு எலி. அப்புறம் அதே வளவில் ஒரு கிழவர். மறுநாள் ஊரே காலி. அவரவர் காட்டில் ஓலைச் சாளை போட்டுக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். சர்க்கார் ஆள் வந்து கதவுக்குக் கதவு தாரால் வட்டம் போட்டார். நாற்பது நாளைக்கு எவரும் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது. பித்தளை, வெண்கலமென்றால் வெந்நீரில் முக்கி எடுத்துப் போகலாம். துணி, பாய், கம்பளி எதுவும் நகரக் கூடாது. யாருக்காவது காய்ச்சல் கண்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆற்றோரம் போட்டிருக்கும் கொட்டகைக்கு வண்டியில் ஏற்றிப் போவார்கள். இதுவரை போனவர்கள் ஐந்து பேர். திரும்பி வந்தவர் ஒருவரும் இல்லை.

இத்தனையும் தெரிந்துதான் மயிலம்மாள் புழக்கடைக் கதவைத் தூக்கி நகர்த்தி உள்ளே போனாள். கார்த்திகை அன்று வீடு இருட்டாகக் கிடக்கலாமா? வாழ வந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கார்த்திகைக்கும் அந்த மாடம் விளக்கில்லாமல் இருந்ததில்லை. நோய்க்குப் பயந்து விளக்கை விட்டால் வீடு நம்மை விட்டுவிடும் என்று அவளுக்குப் பட்டது. அவள் மட்டுமில்லை, அந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் பட்டிருக்கும்.

திரும்பும்போது கொடியில் கம்பளி தொங்கியது. காட்டில் தூறல், வாடைக் காற்று, புருஷனுக்கு இருமல். இழுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். அப்போது காலில் மெத்தென்று ஏதோ பட்டது. அவள் குனிந்து பார்க்கவில்லை.

அது ஆகி ஐந்து நாள். இன்றைக்குப் பொழுது பனைமரத்துக்கு மேலே ஏறியும் மகள் சௌந்திரம் படுக்கையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"அம்மிணி, எந்திரி சாமி. எந்நேரமாச்சு பாரு."

பதினாறு வயதுப் பெண். ஒரு குரலுக்கு எழுந்து சாணி தெளித்துவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பாள். இன்று முகத்தைக்கூடத் திருப்பவில்லை. மயிலம்மாள் குனிந்து நெற்றியில் கை வைத்தாள். கை சுட்டது.

"எப்ப இருந்து இப்புடி?"

"ராத்திரி இருந்தும்மா. குளுருது. கம்பளியைப் போத்தியும் குளுருது."

மயிலம்மாளின் கை கம்பளியின் மேலேயே இருந்தது. சட்டென்று எடுத்துக்கொண்டாள். அப்புறம் ஒரே இழுவையில் கம்பளியை உருவி மூலையில் எறிந்தாள்.

"அய்யோ, குடும்மா. குளுருது."

"என்ற சேலையப் போத்திக்க. அது வேண்டாம்."

"ஏம்மா?"

ஏன் என்று எந்த வாயால் சொல்வாள்? கம்பளியைக் கொண்டுவந்த அன்றே புருஷன் வெள்ளியங்கிரி கேட்டான், இது எங்கே இருந்தது என்று. முதல் நாளே மூட்டைக்கு அடியில் வந்துவிட்டது, இப்போதுதான் கண்ணில் பட்டது என்று சொல்லிவிட்டாள். அவன் நம்பினான். அதோடு விட்டானா? "என்ற இருமலு கம்பளிக்கெல்லாம் கேக்காது. அம்மிணிக்குப் போத்து" என்று மகள் மேல் போர்த்திவிட்டதும் அவன்தான். மயிலம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் போதும். திறக்கவில்லை.

"இடுக்குல வலிக்குதா கண்ணு? கக்கத்துல, தொடையில எங்காச்சும்?"

"வலது தொடையில வலிக்குது."

பாவாடையை ஒதுக்கித் தொட்டுப் பார்த்தாள். விரலுக்கு அடியில் சுண்டைக்காய் அளவில் ஒன்று உருண்டது. நெறி கட்டியிருந்தது. பிளேக்குக்கு முதல் அடையாளம் அதுதான் என்று ஊரில் தவழும் பிள்ளைக்கும் தெரியும்.

அப்போதுதான் மகளின் வலது பாதம் கண்ணில் பட்டது. உள்ளங்கால் வீங்கிச் சிவந்திருந்தது. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.

"இதென்ன?"

"முள்ளும்மா. வேலி அடைக்கறப்பக் குத்துச்சு. ஒடிஞ்சு உள்ளயே நின்னுக்கிச்சு."

"எப்ப?"

"முந்தாநேத்தோ, அதுக்கு முந்தின நாளோ."

காலில் முள் தைத்துச் சீழ் வைத்தால் தொடையில் நெறி கட்டும். காய்ச்சலும் வரும். அதுவும் ஊருக்கே தெரிந்த சங்கதி. அப்படியானால் இது முள்ளா, கம்பளியா? மயிலம்மாள் அந்தப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு முள்ளாக இருக்க வேண்டும் என்று தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டாள். மகள் காலில் முள் ஏறியதற்கு நன்றி சொன்ன தாய் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வெள்ளியங்கிரி கிணற்றடியிலிருந்து வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சாளைக்குள் எட்டிப் பார்த்தவன் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"என்ன?"

"காச்சலுங்க. கால்ல முள்ளு. நெறி கட்டியிருக்குது."

அவன் வாசலிலேயே குந்திவிட்டான். ஆறடி ஆள், காளைக் கொம்பைப் பிடித்து நிறுத்துகிறவன், துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தான்.

"முள்ளுதானா?"

"முள்ளாத்தான் இருக்கோணுமுங்க."

"இன்னைக்குப் பிளேக்கு இன்ஸ்பெக்டரு வார நாளு. உச்சி சாஞ்சா வண்டி வந்துரும். நெறின்னு கேட்டா முள்ளப் பாக்க மாட்டான், புள்ளையத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருவான். அந்தக் கொட்டாயில கிடந்தா முள்ளுக் காச்சலும் பிளேக்கு ஆயிரும்." எழுந்தான். "ஆருகிட்டயும் மூச்சு விடாத. எருக்கலம்பால் வெச்சா முள்ளு மேல வந்துரும். கரட்டுப் பக்கம் போயிக் கொண்டாறேன்."

போய்விட்டான். கம்பளியைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது.

மயிலம்மாள் ஒரு கவைக்கோலை எடுத்துக் கம்பளியைக் கையால் தொடாமல் வெளியே இழுத்து வந்தாள். கொளுத்தினால் புகை எழும்பும். புகையைக் கண்டால் வண்டி நேரே இங்கேதான் திரும்பும். புதைக்கலாம் என்றால் தூறலில் ஊறிய மண்ணைத் தோண்டுவதை இரண்டு காடு தள்ளி இருப்பவர்களும் பார்ப்பார்கள். பாழுங்கிணற்றில் போடலாமா? அந்தத் தண்ணீரைத்தானே ஆட்டுக்கு இறைத்து ஊற்றுகிறார்கள். ஒன்றும் தோன்றாமல் கம்பளியை வேலி மேல் போட்டுவிட்டு, மகளுக்குச் சுக்குத் தண்ணி வைக்க அடுப்பைப் பற்றவைத்தாள்.

தண்ணீர் கொதிக்கும் முன்னே இட்டேரியில் ஆள் வரும் சத்தம் கேட்டது. இரண்டு பக்கமும் கள்ளி வேலி அடைத்த அந்தச் சந்தில் யார் வந்தாலும் கிட்டே வந்த பிறகுதான் தெரியும். இன்ஸ்பெக்டர்தான் என்று நினைத்து மயிலம்மாள் சாளையின் தட்டியை இழுத்துச் சாத்தினாள்.

வந்தவள் செல்லாயி.

செல்லாயி வெள்ளியங்கிரிக்கு மூன்று வயது மூத்த அக்காள். பள்ளிபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். தம்பி கல்யாணத்தில் கூடப்பிறந்தவளுக்குரிய இணைச்சீர்ச் சடங்கைச் செய்தவள். இணைச்சீர் செய்த அக்காளுக்குத் தம்பி மகளைத் தன் மகனுக்குக் கேட்கும் பாத்தியதை உண்டு. கேட்டாள். மகன் செங்கோடன் தறிப் பட்டறைக்குப் போகிறவன், காடு தோட்டமில்லை என்று வெள்ளியங்கிரி தட்டிக் கழித்தான். அன்றோடு பேச்சு வார்த்தை நின்றது. மூன்று வருஷம் ஆகிறது.

"உன்ற புருசனப் பாக்க வரலே" என்றாள் செல்லாயி, தலையிலிருந்த கம்பு மாவுக் கூடையை இறக்கிக்கொண்டே. "ஊரு காலியாயிருச்சுன்னு சந்தையில சொன்னாங்க. மனசு கேக்கலே. அம்மிணி எங்க?"

"வாங்க நங்கை. அவ... தூங்கறாளுங்க" என்றாள் மயிலம்மாள் நாத்தனாரிடம்.

"இந்நேரத்துக்கா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. செல்லாயியின் கண் வேலிக்குப் போய்விட்டது. நாலு எட்டில் போய்க் கம்பளியை வாரி எடுத்தாள்.

மயிலம்மாளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் காரணமும் சொல்ல வேண்டும்.

"எங்கப்பன் கம்பளி" என்றாள் செல்லாயி. "இன்னும் வெச்சிருக்கீங்களா?" அவள் விரல்கள் மடிப்புக்குள் எதையோ தேடின. ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு நூலால் நெருக்கித் தைத்த இடம் வந்ததும் நின்றன. "இதா இருக்குது பாரு. என்ற பாவாடைக் கரையப் பிரிச்சுத் தெச்சது. பதிமூணு வயசு எனக்கு."

அந்தக் கதை மயிலம்மாளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் வெள்ளியங்கிரியே சொல்லியிருக்கிறான். பத்து வயதில் கடலைக்காட்டுக் காவலுக்குப் போனவன் கடலைக்காய் சுட்டுத் தின்கிறேன் என்று திருச்செங்கோட்டுத் தேருக்கு வாங்கிய புதுக் கம்பளியில் ஓட்டை போட்டுவிட்டான். அப்பன் நாச்சிமுத்துக் கவுண்டர் புளிய விளாரோடு வந்து நின்றார். 'நான்தானுங்க சுட்டுப்போட்டேன்' என்று அக்காள் முன்னால் போய் நின்றாள். அடி முழுவதும் அவளுக்கு. கடலைப் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எண்ணிக்கொண்டிருந்தானாம் இவன். 'பதினொண்ணு மயிலா, நான் வாயத் தொறக்கலே' என்றான்.

அதே கம்பளியைத்தான் கல்யாண வண்டியில் மழை பிடித்தபோது கொங்காடையாக மடித்து மயிலம்மாளின் தலையில் போட்டான். சௌந்திரம் பிறந்த அன்று அவளைச் சுற்றி எடுத்ததும் அதில்தான். இருபத்திரண்டு வருஷமாகத் துவைத்துக் காயப்போட்ட ஒரு பொருள், இன்று பாம்பைப்போல அவளைப் பயமுறுத்தியது.

செல்லாயி கம்பளியில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தாள்.

"இன்னும் எங்கப்பன் வாசம் அடிக்குது" என்றாள். கண் கலங்கியிருந்தது. "மயிலா, நான் ஒண்ணும் கேட்டதில்லே உங்ககிட்ட. கேட்ட ஒண்ணும் இல்லேன்னு ஆயிருச்சு. இந்தக் கம்பளிய எனக்குக் குடு. செங்கோடன் தறிக்குழி ஈரத்துலயே கெடக்கறான். பட்டறையில எட்டுப் பசங்க ஒண்ணாப் படுக்கறாங்க, போத்திக்க ஒரு கந்தல் இல்லே."

எட்டுப் பசங்க. மயிலம்மாளின் காதில் அது மட்டும்தான் விழுந்தது.

இதைச் சொன்னால் நீங்கள் அவளை வெறுப்பீர்கள். இருந்தும் சொல்லத்தான் வேண்டும். கம்பளி பள்ளிபாளையம் போய்விட்டால் இங்கே சாட்சி இல்லை. புருஷனுக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. மகளுக்கு எதுவானாலும் முள் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த நினைப்பு ஒரு கணம்தான் வந்தது. வந்ததே என்று அவள் தன்னையே சபித்துக்கொண்டாள்.

தூறல் வலுத்தது. செல்லாயி பழக்கத்தில் கம்பளியை இரண்டாக மடித்து ஒரு முனையைச் சொருகிக் கொங்காடை போட்டுத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். அதே சமயம் எருக்கிலை மடிப்போடு வெள்ளியங்கிரி வேலிக் கடவுக்குள் நுழைந்தான்.

அப்பன் கம்பளிக்குள் அக்காள் நிற்பதைப் பார்த்து அவன் நடை நின்றது. செல்லாயி வேலியைப் பார்த்துச் சொன்னாள்: "இத நான் எடுத்துட்டுப் போலாமான்னு கேட்டுட்டு இருக்கறேன். வேண்டாமுன்னா வெச்சுட்டுப் போறேன்."

வெள்ளியங்கிரி மனைவியைப் பார்த்துச் சொன்னான்: "எடுத்துட்டுப் போகச் சொல்லு. அது அவளுதுதான். தெச்சவளும் அவ, அடி வாங்குனவளும் அவ."

மூன்று வருஷத்துப் பிணக்கு இந்த ஒரு வார்த்தையில் இளகுகிறது. இந்த நேரம் பார்த்தா?

"வேண்டாமுங்க" என்றாள் மயிலம்மாள்.

இருவரும் திரும்பினார்கள்.

"நங்கை, அதக் கீழ போடுங்க. மூஞ்சியில படாம எடுத்துப் போடுங்க. அது மூட்டையில வந்ததில்லே. கார்த்திகையன்னைக்கு விளக்கு வெக்கறதுக்கு ஊட்டுக்குள்ள போனேன். கொடியில இருந்து நான்தான் எடுத்தாந்தேன்."

அடுப்பில் சுக்குத் தண்ணி பொங்கி வழிந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"எலி இருந்துச்சா?" என்று கேட்டவள் செல்லாயிதான்.

"கால்ல மெத்துன்னு என்னமோ பட்டுச்சுங்க. நான் குனிஞ்சு பாக்கலே. பாத்தாத் தெரிஞ்சுருமுன்னு பயந்துட்டுப் பாக்கலே."

வெள்ளியங்கிரியின் கையிலிருந்து எருக்கிலை மடிப்பு விழுந்தது. "நான்தான் போத்துனேன்" என்றான். "என்ற கையால புள்ளைக்குப் போத்துனேன். நீ பாத்துட்டே நின்ன." அடிக்க வருவான் என்று மயிலம்மாள் நினைத்தாள். வரவில்லை. அடித்திருந்தால் தேவலை.

செல்லாயி கம்பளியைத் தலையிலிருந்து எடுத்து மெதுவாகத் தரையில் வைத்தாள். சாளைக்குள் போனாள். சௌந்திரத்தின் மெல்லிய குரல் கேட்டது: "அத்தை, எப்ப வந்தீங்க? நீங்க குடுத்த சீப்ப நான் எடுத்தாந்துட்டேன், ஊட்டுல விட்டுட்டு வரலே." செல்லாயி வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"நெறி சின்னது. காலு வீக்கம் பெருசு. முள்ளாவும் இருக்கலாம், மத்ததாவும் இருக்கலாம். நாளைக்குப் பொழுது விடிஞ்சாத்தான் தெரியும்." கம்பளியைப் பார்த்தாள். "இது இங்க கெடக்கக் கூடாது. தம்பி, அந்தக் கவைக்கோலை எடு."

தம்பி என்று கூப்பிட்டதை அவளும் கவனிக்கவில்லை, அவனும் கவனிக்கவில்லை. ஆளுக்கொரு கோலில் ஆளுக்கொரு முனையைத் தூக்கிக்கொண்டு மரத்தடியில் நனையாமல் கிடந்த காய்ந்த பனைமட்டைக் குவியலின் மேல் போட்டார்கள். வெள்ளியங்கிரி அடுப்பிலிருந்து கொள்ளி கொண்டுவந்தான்.

"புகை தெரியுமுங்க" என்றாள் மயிலம்மாள்.

"தெரியட்டும்" என்றாள் செல்லாயி. "எட்டுப் பசங்ககிட்டப் போகாம இருந்துச்சே, அது போதும்."

முதலில் மட்டை பிடித்தது. அப்புறம் கம்பளி மயிர் பொசுங்கும் நாற்றத்தோடு கருகியது. சிவப்பு நூல் தைத்த மூலைதான் கடைசியாக எரிந்தது. மூன்று பேரும் வாயைத் துணியால் மூடிக்கொண்டு பார்த்து நின்றார்கள்.

பாதி எரிவதற்குள் இட்டேரியில் மாட்டுச் சலங்கை கேட்டது. ஒற்றைமாட்டு வண்டி கடவில் வந்து நின்றது. காக்கி உடுப்புப் போட்ட இன்ஸ்பெக்டர் இறங்கி, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பத்தடி தள்ளியே நின்றார். வண்டிக்குள் வைக்கோல் பரப்பியிருந்தது.

"என்ன எரிக்கிறீர்கள்?"

வெள்ளியங்கிரி கோலால் நெருப்பைக் கிளறினான்.

"துணியை எரிப்பது சும்மா இல்லை. யாருக்குக் காய்ச்சல்? மறைத்தால் மூன்று பேரையும் ஏற்றிப் போவேன்."

சாளையின் ஓலைத் தட்டிக்குப் பின்னால் சௌந்திரம் புரண்டு படுக்கும் சத்தம் மயிலம்மாளுக்குக் கேட்டது. மகளே, முனகாதே, இருமாதே என்று அவள் உள்ளுக்குள் கெஞ்சினாள்.

செல்லாயி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

"எனக்குத்தானுங்க காச்சல்" என்றாள். "கம்பளியப் போத்திட்டுப் படுத்தவ நான்தானுங்க. இவங்க ஒரு பாவமும் அறியாதவங்க."

இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தொட்டுப் பார்க்கவில்லை, அவருக்கும் உயிர் மேல் ஆசை இருந்தது. வண்டியைக் கைகாட்டினார். செல்லாயி தம்பியின் பக்கம் திரும்பவேயில்லை. கம்பு மாவுக் கூடையை மயிலம்மாளின் பக்கம் காலால் நகர்த்திவிட்டு வண்டியின் அச்சில் கால் வைத்து ஏறினாள்.

மயிலம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவன் கையில் இன்னும் கவைக்கோல் இருந்தது. முகத்தில் நரைத்த மீசை இருந்தும், கடலைப் போருக்குப் பின்னால் ஒளிந்திருந்த பத்து வயதுப் பையன் அங்கே தெரிந்தான். பேசினால் மகள் போவாள். பேசாவிட்டால் அக்காள் போவாள். அவன் உதடு அசைந்தது. பேசிவிடுவானோ என்று பயந்தாளா, பேசாமலே இருந்துவிடுவானோ என்று பயந்தாளா, மயிலம்மாளுக்கே தெரியவில்லை.

வண்டிக்காரன் மாட்டின் வாலைத் தொட்டான். சக்கரம் ஒரு சுற்று உருண்டது.

"இன்ஸ்பெக்டரய்யா," என்றான் வெள்ளியங்கிரி, "வண்டிய நிறுத்துங்க."